ஆளில்லாத ஊரில் அளவெடுக்கப் போனபோது

எண்பத்திரண்டாம் ஆண்டு தை மாதம். மாரி மழை விட்டு, வன்னிக் காட்டுப் பாதைகள் வாகனம் போகும் அளவுக்குக் காய்ந்திருந்த நேரம். யாழ்ப்பாணத்தில் படிப்பை முடித்த கையோடு வேலை கிடைத்து, பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். என் வேலை வறுமையை அளப்பது. பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அதுதான் வேலை.

ஓர் அலுவலகம் ஊர் ஊராக இந்தக் கணக்கெடுப்பை நடத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு போய், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், நேற்று என்ன சமைத்தீர்கள், தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். கூரை என்ன, சுவர் என்ன, படுக்கப் பாய் இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் மேல்கையைச் சுற்றி ஒரு நாடாவைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நாடாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். கை பச்சையில் நின்றால் பிள்ளைக்குச் சாப்பாடு போதும், சிவப்பில் நின்றால் ஆபத்து. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஊருக்கு ஓர் எண் வரும். எந்த ஊருக்கு முதலில் கிணறு வெட்டுவது என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.

எனக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்துப்போயிற்று. ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால், வீட்டுக்காரி "இருங்கோ" என்று பாயை விரிக்கிறதுக்கு முன்னமே குசினியில் சட்டி பானை எத்தனை என்று என் கண் எண்ணிவிடும். லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா, "எங்கட சட்டியையும் எண்ணிப்போட்டாய் போல, எங்களுக்குக் கிணறு வருமோ?" என்று கேட்டா. நானும் சிரித்தேன். ஆனால் உண்மையில் எண்ணித்தான் இருந்தேன்.

என்னோடு வந்தவர் ஜீப் சாரதி. வவுனியாப் பக்கத்து முஸ்லிம், ஐம்பது தாண்டியவர். அலுவலகத்தில் எல்லாரும் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாத மனுசன். சந்தை விலையிலிருந்து எனக்குப் பார்க்க வேண்டிய மாப்பிள்ளை வரை எல்லாவற்றிலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும். அப்படிப்பட்டவர் வாயை மூடிக்கொண்டு ஜீப் ஓட்டியது ஒரேயொரு ஊருக்குப் போன நாட்களில்தான்.

அந்த ஊருக்கு அப்போது பெயர்கூட இல்லை. பூநகரி வீதியில் கொஞ்ச தூரம் போய், பிறகு காட்டுக்குள் இறங்கும் ஒரு பாதையில் போக வேண்டும். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து உயிர் தப்பி வந்த சில குடும்பங்கள் அங்கே காடு வெட்டிக் குடியிருப்பதாக எங்களுக்குத் தகவல். பரந்தன் சந்தித் தேநீர்க்கடைக்காரரிடம் வழி விசாரித்தபோது அவர் தேநீரை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அங்க ஆக்கள் இல்லைத் தங்கச்சி. வந்த முதல் மாரியிலயே காய்ச்சலில எல்லாரும் முடிஞ்சு போச்சினம். புகை மட்டும்தான் தெரியுமாம், ஆக்களை ஒருத்தரும் காணேல்லை."

புகை வந்தால் ஆள் இருக்கத்தானே வேண்டும் என்று நான் நியாயம் பேசினேன். அவர் அடுத்த ஆளுக்குத் தேநீர் போடப் போய்விட்டார்.

முதல் தடவை போனபோது நல்ல முற்பகல். வெயில் பாலை மரங்களுக்கு மேலே நின்றது. ஜீப் காட்டுப் பாதையில் திரும்பியதும் எங்கேயோ முன்னால் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டது. தோட்டத்து மக்கள் அடிக்கும் வட்டப் பறைதான் தப்பு. விடியற்காலையில் வேலைக்கு ஆட்களைக் கூப்பிடவும் கோயில் திருவிழாவுக்கும் அவர்கள் அதை அடிப்பார்கள் என்று தெரியும். வேக வேகமாக, மூச்சு வாங்குவது போல அடித்தது. பிறகு பட்டென்று நின்றது. அவ்வளவுதான்.

ஊருக்குள் போய் இறங்கினோம். களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாக ஒரு பதினைந்து குடிசை இருக்கும். ஒரு மனுசர் இல்லை. ஆள் குடியேறாத ஊர் என்றால் பரவாயில்லை, ஆட்கள் விட்டுப்போன ஊர் என்றாலும் பரவாயில்லை. இது அப்படி இல்லை. அடுப்பில் நெருப்பு எரிந்தது. கொடியில் போட்ட சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு வீட்டில் அம்மியில் பாதி அரைத்த மிளகாய், குழவி சரிந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம் காயவில்லை. கோழிகள் மேய்ந்தன. நாய் ஒன்றுகூட இல்லை. நாய் இல்லாத ஊரை அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது.

"வீட்டுக்காரர்..." என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நானா ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். ஊர் வெறிச்சோடிக் கிடந்தாலும் எங்களை யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல எனக்குப் பிடரி கூசியது. வந்ததற்கு ஏதாவது விட்டுப்போவோம் என்று, என் பையில் இருந்த பிஸ்கட் பெட்டியை ஒரு வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஏறினேன்.

அடுத்த கிழமை மறுபடி போனோம். ஜீப் காட்டுப் பாதைக்குள் இறங்கிய இடத்தில் நானா பிரேக் போட்டார். போன தடவை எங்கள் டயர் பதிந்த தடத்தின் நட்ட நடுவில் அந்த பிஸ்கட் பெட்டி இருந்தது. உடைக்கவில்லை, ஒட்டின தாள்கூட அப்படியே. ஊரிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்து, எங்கள் பாதையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இது நல்ல கதை இல்லை புள்ள" என்றார் நானா. "எறும்புகூடத் தொடேல்ல, பாருங்க."

அந்த நேரம் பார்த்துத் தப்பு அடித்தது. அதே வேகம். பட்டென்று நின்றது. ஊருக்குள் போனால் அதே மாதிரி எரியும் அடுப்பு, சொட்டும் துணி. இந்தத் தடவை நான் இன்னொன்றும் கவனித்தேன். முற்றங்களிலும் பாதையிலும் ஒரு காலடிகூட இல்லை. ஊர் முழுக்க இலைக் குழையால் கூட்டிவிட்ட கீற்றுக் கீற்றான கோடுகள். மண்ணில் இருந்த ஒரே காலடி என்னுடையது. வீட்டுக்கு வீடு போன என் செருப்புத் தடம்தான் அந்த ஊரில் மனுசர் நடந்ததற்கு ஒரே அடையாளமாக இருந்தது. வாய் காட்டுவதில் எனக்கு ஈடில்லை என்று பெயர் எடுத்த நான், ஓட்டமும் நடையுமாக ஜீப்புக்கு வந்து சேர்ந்தேன்.

அலுவலகத்தில் சொன்னால் சிரித்தார்கள். மூன்றாம் தடவையும் ஆள் இல்லையென்றால் கண்ணால் பார்ப்பதை வைத்துத் தாள்களை நிரப்பிக்கொண்டு வா என்றார் மேலதிகாரி. கூரையையும் பானையையும் எண்ண ஆள் தேவையில்லைத்தானே.

அப்படித்தான் மூன்றாம் தடவை போனோம். தப்பு அடித்தது, நின்றது. நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். கூரை கிடுகு, சுவர் களிமண், பானை இரண்டு, பாய் இல்லை, படுப்பது உரச்சாக்கில். நானாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூடவே கூட்டி வந்திருந்தேன். அவர் எனக்குப் பின்னால், ஒரு வாசலுக்குள்ளும் நுழையாமல் வந்துகொண்டிருந்தார்.

கடைசிக்கு முந்தின குடிசை. உள்ளே இருட்டு. கூரை வளையில் ஒரு பழைய சேலையில் தொட்டிலாக ஏணை கட்டியிருந்தது. அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தேன். ஆனால் அங்கே காற்று இல்லை. சேலை கீழே பாரமாகத் தொய்ந்து கிடந்தது. பேனையைக் காதில் செருகிக்கொண்டு சேலையை விலக்கினேன்.

உள்ளே ஒரு பெண் குழந்தை. ஒன்றரை வயது இருக்கலாம். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அழவில்லை. அன்னிய முகத்தைக் கண்டால் பிள்ளைகள் அழும், இது பார்த்துக்கொண்டு மட்டும் கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்து அதன் கையைச் சுற்றிப் பிடித்தேன். பழக்கதோசம். சிவப்பைத் தாண்டிச் சுருங்கி வந்து நின்றது நாடா. அப்போதுதான் என் விரல் அந்தத் தோலில் பட்டது. அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது.

"நானா" என்று கத்தினேன். அவர் வாசலில் நின்றவர், குழந்தை என்றதும் பயமெல்லாம் எங்கே போனதோ, உள்ளே வந்துவிட்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வன்னியில் பிறந்து வளர்ந்தவருக்கு மலேரியாவை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பானையில் இருந்த தண்ணீரில் தன் துவாயை நனைத்துக் குழந்தையின் தலையைத் துடைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் ஒரு கை இழுத்து இழுத்து ஆடியது. வலிப்பு.

"இனி யோசிக்க ஏலா. தூக்குங்க, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார்.

தூக்கிக்கொண்டு போனால் குழந்தை பிழைக்கலாம். ஆனால் தாய் வந்து பார்க்கும்போது ஏணை வெறுமையாகக் கிடக்கும், முற்றத்தில் என் செருப்புத் தடம் இருக்கும். எதற்காக இந்த மக்கள் எங்களைக் கண்டு ஓடுகிறார்கள் என்று தெரியாது. ஆனால் எதற்கோ ஓடுகிறார்கள். அவர்கள் பயப்படுவது இதுவாகவே இருந்தால்? அதோடு, வழியில் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் யாருடைய பிள்ளை என்று சொல்வது?

முற்றத்துக்கு ஓடிவந்து காட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும், தாய் வாங்கோ, நாங்கள் ஒன்றும் செய்ய மாட்டோம், பயப்படாமல் வெளியில் வாங்கோ என்று தொண்டை கிழியக் கத்தினேன். காட்டுக்குள் ஒரு கிளை முறியும் சத்தம் கேட்டது. கிட்டத்தில்தான் கேட்டது. ஆனால் ஒருவரும் வரவில்லை. நான் கூப்பிடக் கூப்பிட அந்தச் சத்தம் விலகிப் போவது போல இருந்தது.

நானா குழந்தையை என் கையில் தந்துவிட்டுப் பக்கத்துக் குடிசைக்குள் போனார். வரும்போது கையில் அந்தத் தப்பு இருந்தது. தோல் இறுகுவதற்காக அதை அடுப்பு நெருப்புக்குக் கிட்டச் சாய்த்து வைத்திருந்தார்களாம். இன்னும் சூடாக இருக்கிறது என்று எனக்குத் தொட்டுக் காட்டினார்.

"வேகமா அடிச்சா ஓடுறாங்க. அப்ப மெல்ல அடிச்சா வருவாங்கதானே" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவர் முற்றத்தின் நடுவில் நின்று அடிக்கத் தொடங்கினார். ஒன்று அடிப்பார், நிறுத்துவார். மறுபடி ஒன்று. அந்த வெயிலில், அந்த அமைதியில், ஒவ்வொரு அடியும் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. மரத்தில் இருந்த மயில் ஒன்று எழும்பிப் பறந்தது. எவ்வளவு நேரம் அடித்தார் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவர்கள் வந்தார்கள்.

முதலில் மரங்களுக்கு நடுவில் ஒரு பெண் நின்றாள். பிறகு பார்த்தால் அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. எனக்குப் பின்னாலும் வந்திருந்தார்கள். நான்கு பக்கமும் காடு மனுசர்களாக மாறியது போல இருந்தது. சருகுச் சத்தம்கூட இல்லை. பெண்கள் எல்லாரும் தலைமயிரை அவிழ்த்து விட்டிருந்தார்கள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார்கள். நாய்களின் வாயில் துணி சுற்றிப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. நாங்கள் அங்கே இல்லாதது போல, என் தோளில் உரசிக்கொண்டு கடந்து போய், வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்தார்கள். ஒரு வீட்டைப் பார்த்து, அடுத்த வீட்டுக்குப் போனார்கள். தேநீர்க்கடைக்காரர் சொன்னது உண்மைதான், இவர்கள் எல்லாரும் செத்தவர்கள்தான் என்று அந்த நிமிடம் நான் நம்பினேன். படித்தவள் இதைச் சொல்ல வெட்கம்தான், ஆனால் நம்பினேன்.

கட்டுமஸ்தான ஒரு நடுத்தர வயது மனிதர் நேரே நானாவிடம் வந்தார். தப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, மிக மெதுவாகக் கேட்டார்.

"யாருங்க செத்தது?"

நானா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனிதர் இன்னும் பொறுமையாகச் சொன்னார்.

"இது சாவுக் கொட்டுங்க. சாவுக் கொட்டு கேட்டா நாங்க எங்க இருந்தாலும் வந்துருவோம். அதுக்கு ஒளிய மாட்டோம்."

ஓடு என்பதற்கு எதிர்ப்பதம் வா என்று நானா கணக்குப் போட்டார். நானும் அதைச் சரி பார்த்து ஒப்புக்கொண்டேன். எத்தனை தடவை கூவி அழைத்தும், பிஸ்கட் கொடுத்தும் வெளியே வராத ஓர் ஊர், யாரோ செத்துப்போனார்கள் என்றதும் பயத்தை மறந்து வந்து நிற்கிறது.

கூட்டம் எங்களைச் சுற்றி நின்றபோதுதான் அவள் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. மற்றவர்களைப் போல ஒவ்வொரு வீடாக அவள் பார்க்கவில்லை. காட்டிலிருந்து நேரே என்னை நோக்கி, மெல்ல மெல்ல, அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். யார் செத்தது என்று அவளுக்கு முன்னமே தெரியும் என்பது போல அந்த நடை இருந்தது. மற்றவர்கள் விலகி வழி விட்டார்கள். என் கைகளுக்குக் கீழே தன் கைகளைக் கொடுத்துக் குழந்தையை வாங்கினாள். அப்போதும் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குழந்தையின் சூடு அவளுடைய நெஞ்சில் பட்டதோ என்னவோ, அப்படியே நின்றாள். குழந்தை வறண்ட குரலில் ஒரு தரம் முனகியது.

அவள் போட்ட ஓலம் இப்போதும் என் காதில் இருக்கிறது. செத்ததற்கு அழவில்லை, உயிரோடு இருப்பதற்கு அழுதாள்.

தப்பை வாங்கிக்கொண்ட அந்தத் தப்புக்காரர் பிறகு சுருக்கமாகச் சொன்னார். தோட்டத்தில் அரசாங்க ஆட்கள் பெயர் எழுத வந்தார்களாம். எழுதி முடிந்த பிறகு பாதிக் குடும்பத்தைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார்களாம், மீதி இங்கேயாம். எழுபத்தேழில் கலவரக்காரர்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்த இரவில், பயப்படாதே, வெளியில் வா, ஒன்றும் செய்ய மாட்டோம் என்று தமிழிலேயே ஒரு குரல் கூப்பிட்டதாம். நம்பி வெளியில் போனவர்கள் திரும்பவில்லை. அதனால் இங்கே வந்த நாளிலிருந்து ஓர் ஏற்பாடு. வாகனச் சத்தம் கேட்டால் வேகமாகத் தப்படிப்பது, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு, காலடியைக் குழையால் கூட்டி அழித்தபடி காட்டுக்குள் போவது, வாகனம் திரும்பும்வரை யாரும் வீட்டுக்கு வருவதில்லை, வந்தவர்கள் விட்டுப்போனதை ஊரில் வைத்திருப்பதுமில்லை. நான் எதைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். அதே வார்த்தைகள்.

அன்றைக்கு அந்தப் பெண் விறகு பொறுக்கப் போயிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி, தாய் வந்து தூக்கியிருப்பாள் என்று நினைத்துத் தன் பிள்ளைகளோடு ஓடிவிட்டாள். ஏற்பாட்டை மீறி யாரும் திரும்பி வர முடியாது. வந்தால் முழு ஊரும் அகப்படும். அவள் குடிசைக்குப் பின்னால், சுவரை ஒட்டி நின்ற ஒரு வீரை மரத்துக்கு மறைவில் நின்றிருக்கிறாள். உள்ளே நாங்கள் செய்தது எல்லாவற்றையும் சுவர் ஓட்டையால் பார்த்துக்கொண்டு சத்தம் போடாமல் நின்றவள், நான் கூப்பிடத் தொடங்கியதும் காட்டுக்குள் பின்வாங்கியிருக்கிறாள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஜீப்பில் ஏறு என்றால் அவள் பின்வாங்கினாள். வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் யாரையும் அவர்கள் திரும்பக் கண்டதில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. குழந்தைக்கு மறுபடி இழுக்கத் தொடங்கியது. கடைசியில் தப்புக்காரர்தான் முதலில் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அதைப் பார்த்துத்தான் அவள் ஏறினாள். நானா அந்தக் குண்டும் குழியுமான பாதையில் ஓட்டிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு இடுப்பு வலிக்கிறது.

ஆஸ்பத்திரியில் இன்னொரு தடை. பெயர், ஊர், தகப்பன் பெயர் கேட்டார் அனுமதித் துண்டு எழுதுபவர். அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை கையில் துடிக்கிறது, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அப்போது நானா முன்னால் வந்து, "என்ட பேத்தி" என்று சொல்லித் தன் மகளின் பெண்ணுடைய பெயரைக் கொடுத்தார். துண்டு எழுதுபவர் நானாவின் தொப்பியைப் பார்த்தார், அவளுடைய நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தார், பிறகு சொன்னபடியே எழுதிக்கொண்டார். அந்த முகம் தெரியாத மனிதருக்கும் நான் கடமைப்பட்டவள். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்க ஒரு முஸ்லிம் பிள்ளையாகவே இருந்தது. மருந்து அதற்கெல்லாம் வித்தியாசம் பார்க்கவில்லை. காய்ச்சல் இறங்கிற்று.

அந்த ஊருக்கான தாள்களை நான் அலுவலகத்தில் கொடுக்கவில்லை. பாதை சரியில்லை, போக முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். எழுத வேண்டாம் என்று தப்புக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். எழுதியிருந்தால் அவர்களுக்கு ஒரு கிணறு கிடைத்திருக்கலாம். எழுதாததால் அவர்கள் தங்கள் பாட்டுக்கு இருந்திருக்கலாம். எது நல்லது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. பின்னால் வந்த வருடங்களில் வன்னியில் நடந்தவற்றில் அந்த ஊர் என்னவாயிற்று என்றும் நான் அறியேன்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளை அவளுடைய மடியில் உட்கார்ந்து பாண் ரொட்டியைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தது. அவள் அதுவரை என்னோடு ஓரிரண்டு சொல்லுக்கு மேல் கதைத்ததில்லை. அன்றைக்கு, பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் தானாகவே சொன்னாள்.

"நீங்க பாப்பா கையில நாடா சுத்தினதப் பார்த்தேன். பேர எழுதிக் கட்டிட்டாங்க, இனி கொண்டு போயிருவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் சாவுக் கொட்டு கேட்டுச்சு. அது கேட்டதும் எனக்கு அழுகை வரலீங்க. இனி இதத் தூக்கிக்கிட்டு ஓட வேணாம்னு, மொதல்ல ஒரு நிம்மதிதான் வந்துச்சு."

சொல்லிவிட்டு, பாணில் இன்னொரு துண்டைப் பிய்த்துப் பாலில் தோய்த்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். பிள்ளை அவளுடைய விரலையும் சேர்த்துக் கடித்தது. அவள் சிரித்தாள். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெளியே வந்து, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். என்ன ஏது என்று கேட்காமல் நானா தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அதன் பிறகும் பல வருடம் அதே வேலைதான் செய்தேன், எத்தனையோ ஊர்களை அளந்தேன், கூட்டங்களில் எழுந்து பேசியும் இருக்கிறேன். ஆனால் தன் பிள்ளை செத்துவிட்டது என்று கேட்டு ஒரு தாய்க்கு முதலில் நிம்மதி வருமென்றால், அவளிடமிருந்து என்னென்ன பறிபோயிருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வறுமை என்று யாராவது சொல்லக் கேட்டால் இன்றைக்கும் என் மனம் போய் நிற்பது அந்தப் பெண்ணுக்கு முன்னால்தான்.